லயத்தின் பின்சுவர்

முதலில் பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னார் மேசன். “முன்னால நின்னு பாத்தா ஒன்னும் வெளங்காது தம்பி. ஈரம் வர்ற வழி பொறத்தால இருக்கு.”

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தின் பின்சுவருக்கும் மலைச்சரிவுக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத்தான் இடம். தை மாதத்து மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் காலடி மண் கூழாகவே இருந்தது. கருங்கல் சுவரில் இடுப்பளவு உயரம்வரை பச்சைப் பாசி. அதற்கு மேலே ஒரு முழம் கறுப்பு. அதையும் தாண்டித்தான் கல் தன் நிறத்தில் தெரிந்தது. மேசன் கையிலிருந்த அலவாங்கைச் சுவரோரமாக மண்ணில் இறக்கினார். தடையே இல்லாமல் இரண்டடி போயிற்று. வெளியே இழுத்ததும் அந்தத் துளையில் கலங்கல் தண்ணீர் மெல்ல ஏறி வந்து நின்றது.

பிறகு மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயின் ஒரு முனையை என்னிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, மறுமுனையோடு வீட்டுக்குள் போனார். உள்ளேயிருந்து குரல் வந்தது: “ஒன்னேகால் அடி.” வெளி மண்ணைவிட வீட்டின் தரை அவ்வளவு தாழ்ந்திருக்கிறது. கட்டியவர்கள் அப்படிக் கட்டியிருக்க மாட்டார்கள். வருஷா வருஷம் மழை சரிவிலிருந்து இறக்கிவிட்ட மண், சுவரோரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து உயர்ந்திருக்கிறது. ஒரு காலத்தில் இங்கே தண்ணீர் ஓடும் கான் இருந்திருக்க வேண்டும். அதைத் தூர்வார ஆள் விடுவது எப்போது நின்றதோ, அன்றைக்கே இந்தச் சுவர் குடிக்கத் தொடங்கிவிட்டது.

பதுளையிலிருந்து பசறை வீதியில் ஏறி, நமுனுகுல மலை கண்ணுக்கு நேரே வரும் ஒரு திருப்பத்தில் பிரியும் தோட்டப் பாதையில் இருக்கிறது இந்த லயம். ஒரே வரிசையில் எட்டுக் காம்பரா. ஒவ்வொன்றும் பழைய கணக்கான பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னே ஓர் இஸ்தோப்பு, மேலே தகரம். கடைசி இரண்டு காம்பராக்களையும் சேர்த்து ஒரு வீடாக்கிக் குடியிருக்கிறது என்னை அழைத்த குடும்பம். மகள் பதுளையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறார். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அம்மா இன்னும் கொழுந்துக்குப் போகிறார். மகளின் பிள்ளைக்கு ஐந்து வயது. மழைக்காலம் தொடங்கினால் அவனுக்கு இருமலும் தொடங்கிவிடும்.

“ரெண்டு வருஷத்துக்கு முந்தித்தான் அண்ணே சீமெந்து பூசினோம்” என்றார் டீச்சர், உள்ளே விளக்கைப் போட்டுக் காட்டியபடி. “அதுக்கு மேல ஈரம் வராத பெயின்ட்டுன்னு சொல்லி விலை கூடினதா வாங்கி அடிச்சோம். இந்தா பாருங்க.” பெயின்ட் அப்பளம்போலக் கொப்பளித்து நின்றது. ஒரு கொப்பளத்தை நகத்தால் உடைத்தேன். உள்ளேயிருந்து ஈர மணலும் வெள்ளையாக உப்புப் பூவும் கொட்டின. தட்டிப் பார்த்தால் சுவரில் பாதிக்குமேல் பொள்ளல் சத்தம். இனி நாலடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டிவிடலாம் என்று அப்பா முடிவு செய்திருந்தார். ஒட்டும் முன் யாரையாவது கேட்போமே என்று டீச்சருக்குத் தோன்றியிருக்கிறது. பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார். அவர் கேட்டிருக்க வேண்டிய ஆள் நான் அல்ல, இந்த மேசன்தான். நானே அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். எழுபது வயதுக்கு மேல். தன் அப்பாவிடம் சுண்ணாம்பு வேலை பழகியவர். இந்தப் பக்கத்தில் அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இனி அதிகம் இல்லை.

மேசன் ஒரு மூலையில் உளியை வைத்துத் தட்டினார். சீமெந்துப் பூச்சு கைப்பிடி அகலத்துக்குப் பாளமாகக் கழன்று விழுந்தது. பின்னே கல்லும், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே செம்மண் சாந்தும் தெரிந்தன. மேலே மட்டும் பழைய சுண்ணாம்பு. “கல்லு தண்ணி குடிக்காது தம்பி. குடிக்கிறது இந்த மண்ணுதான்.” அவர் சொன்னது நேர். இந்த மலைகளின் கருங்கல் இறுகியது, அதற்குள் நீர் ஏறுவது மிகக் குறைவு. இடையிலுள்ள மண்ணும் சுண்ணாம்பும்தான் திரி எண்ணெயை இழுப்பதுபோல நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. சுவர் கட்டியவர்களுக்கும் அது தெரிந்தே இருந்தது. ஏறிய நீர் சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே காற்றில் போய்விடும். ஏறுவதும் போவதுமாக நூறு வருஷம் நின்ற சுவர் அது. சீமெந்து பூசியதும் போகும் வழி அடைபட்டுவிட்டது. நீர் உள்ளேயே இன்னும் உயரம் ஏறி, கரைத்துக் கொண்டுவந்த உப்பைப் பூச்சின் முதுகில் விட்டுவிட்டு, பூச்சையே தள்ளிவிடுகிறது. டைல்ஸ் ஒட்டியிருந்தால் நாலடிக்கு மேலே, அந்தப் பிள்ளை தலை வைத்துப் படுக்கும் கட்டிலுக்கு நேராக, ஈரம் வெளிப்பட்டிருக்கும்.

லுணுகலைப் பக்கத்தில் நான் பிறந்த லயத்தில் என் அப்பா இதே காரியத்தைத் தாரால் செய்தார். ரோட்டு வேலையில் மிஞ்சிய தாரை வாங்கி வந்து உள்சுவரில் மூன்றடிக்குப் பூசினார். ஒரு மழைக்காலம் நன்றாக இருந்தது. அடுத்த மழையில் சுவரின் மண் சாந்து உள்ளேயே குழைந்து, அடிக்கல் ஒன்று நகர்ந்துவிட்டது. அந்தக் கல்லை அவர் ஒரு பலகைத் துண்டால் அண்டை கொடுத்து வைத்திருந்த காட்சி எனக்கு மறக்கவில்லை. கையில் காசு சேர்கிறபோதெல்லாம் நம் ஆட்கள் அதைச் சுவரின் முகத்திலேயே கொட்டுகிறார்கள். தப்பு அவர்களுடையது அல்ல. கடையில் கிடைப்பது அதுதான், தெரிந்த மேசன் சொல்வதும் அதுதான்.

எல்லா ஈரமும் நிலத்திலிருந்து வருவதில்லை என்பதையும் பார்த்துவிட நினைத்தேன். அன்று இரவு அங்கேயே தங்கினேன். படுக்கும் முன் ஒரு சதுர அடி பொலித்தீன் துண்டுகள் இரண்டை எடுத்து, பின்சுவரில் ஒன்றும், இரண்டு காம்பராக்களுக்கும் நடுவில் உள்ள குறுக்குச் சுவரில் ஒன்றுமாக, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டினேன். காலையில் ஈரம் பொலித்தீனுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் இருந்தால் அது சுவரிலிருந்து வருவது. முன்னால், நம் பக்கம் துளிர்த்திருந்தால் வீட்டுக்குள் இருக்கும் காற்றே குளிர்ந்து வியர்ப்பது.

இரவு பத்து மணிக்கு மேல் குளிர் இறங்கியது. நனைந்த பாடசாலைச் சீருடைகள் உள்ளே கொடியில் தொங்கின. அடுப்பங்கரையில் வெந்நீர் கொதித்தது. கதவும் சன்னலும் இறுகச் சாத்தியிருந்தன. நாலைந்து பேர் விடும் மூச்சு, சமையல், உலரும் துணி எல்லாம் சேர்ந்தால் ஒரு வீட்டுக்குள் நாளொன்றுக்கு 10 லீற்றர் வரை நீர் ஆவியாகச் சேரும். 20 பாகையில் 80 வீதம் ஈரமுள்ள காற்று, 16 பாகைக்குச் சற்று மேலே குளிர்ந்தாலே நீராகிவிடும். தை மாதத்து இரவில் அந்தப் பின்சுவர் அதைவிடக் குளிர்ந்தது. தகரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விடியற்காலை நாலு மணிக்கு என் கம்பளியில் சொட்டு விழுந்து விழித்தேன். வெளியே மழை இல்லை, வானம் வெளித்து நட்சத்திரம் தெரிந்தது. அப்படிப்பட்ட இரவில்தான் தகரம் தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு அதிகம் குளிரும். அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாக வியர்த்திருந்தது.

காலையில் பார்த்தபோது பின்சுவரில் ஒட்டிய பொலித்தீனின் இரண்டு பக்கமும் ஈரம். பின்பக்கம் தண்ணீர் ஓடியே இருந்தது. குறுக்குச் சுவரில் முன்பக்கம் மட்டும் பனித்திருந்தது, பின்னால் காய்ந்து கிடந்தது. ஆக, இந்த வீட்டுக்கு வியாதி இரண்டு. ஒன்றுக்கு மருந்து வெளியே, மற்றதற்கு உள்ளே.

“விறகு அடுப்பு இருந்தப்ப கூரை இப்பிடி சொட்டாதுங்க” என்றார் அம்மா, தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டியபடி. இதைப் பல தோட்டங்களில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நாள் முழுக்கக் கனிந்த அடுப்பு, சுவரையும் கூரையையும் சூடாக வைத்திருந்தது. இப்போது காஸ் அடுப்பு. அது எரிகிறபோதே தானும் நீராவியை விடுகிறது, அரை மணியில் அணைந்தும் விடுகிறது. அதற்காகப் புகையைத் திரும்ப அழைக்கச் சொல்ல மாட்டேன். அந்தப் புகையில்தான் என் அப்பாயியின் கண்ணும் மூச்சும் போயின. இங்கே இல்லாமல் போனது புகைபோக்கி. லயம் கட்டியவர்கள் ஒரு காம்பராவுக்கும் அதை வைக்கவில்லை.

வைக்கத் தெரியாமல் அல்ல. முதல்நாள் வரும் வழியில் அப்புத்தளையில் இறங்கி அடிசம் பங்களாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931-ல் கட்டிய கருங்கல் மாளிகை. இன்று பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். அப்புத்தளை பதுளையைவிட எவ்வளவோ உயரம், எவ்வளவோ குளிர். பனிமூட்டம் பகலிலேயே சன்னலுக்குள் எட்டிப் பார்க்கும் இடம். ஆனாலும் அங்கே நூலக அலமாரியில் புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. கணப்படுப்பும் அதற்கு மேலே புகைபோக்கியும் இருக்கின்றன. இந்த ஊவா மாகாணத்துத் துரை பங்களா எதை வேண்டுமானாலும் எடுத்துப் பாருங்கள்: நிலத்திலிருந்து உயர்த்திய அத்திவாரம், சுற்றிலும் கல் பதித்த கான், கூரைக்குக் கீழே பலகை சீலிங், அறைக்கு அறை கணப்பு. அதே மலையின் கல், அதே மழை, பல இடங்களில் அதே மேசன்மாரின் கை. ஈரத்தை எப்படித் தடுப்பது என்பது அன்றைக்கே தெரிந்த வித்தை. அதை மேட்டில் கட்டியவர்கள் பள்ளத்தில் கட்டவில்லை. லயத்து ஈரத்தை மலையின் இயற்கை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

குளிருக்கு வருவோம். இரண்டடிக் கல்சுவர் குளிரைத் தடுக்கும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கருங்கல் சூட்டை வெகு சுலபமாகக் கடத்திவிடும். 20 அங்குலக் கருங்கல் செய்யும் காவலை ஓர் அங்குலப் பலகை ஏறக்குறைய செய்துவிடும். சுவரைத் தொட்டால் சில்லிடுவது அதனால்தான். இதை உணர்ந்த அடுத்த காம்பராக்காரர் தன் பின்சுவர் முழுக்க ரிஜிபோம் ஷீட் ஒட்டியிருந்தார். அவர் அனுமதியோடு ஒரு ஷீட்டின் மூலையை நெம்பிப் பார்த்தோம். பின்னே சுவர் கறுத்து, பூஞ்சணம் வெல்வெட்டுத் துணிபோலப் படர்ந்திருந்தது. வீட்டின் சூடு சுவருக்குப் போகாமல் தடுத்ததால் சுவர் இன்னும் குளிர்ந்தது. இடுக்கில் புகுந்த ஆவி அங்கே நீரானது. கீழிருந்து ஏறிய ஈரமும் அதோடு சேர்ந்துகொண்டது. போதாக்குறைக்கு அந்த ஷீட்டுக்கு இரண்டடி தள்ளி அடுப்பு. ரிஜிபோம் தீப்பிடித்தால் நச்சுப் புகை நிமிஷத்தில் அறையை நிரப்பிவிடும். அன்றே கழற்றிவிடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். கழற்றினார்.

ஊறும் சுவருக்குப் போர்வை கூடாது. கூரைக்குத்தான் போர்வை வேண்டும். சூடு மேலே ஏறித் தகரம் வழியாகத்தான் அதிகம் போகிறது. தகரத்துக்குக் கீழே அரையடி இடம் விட்டு, பலகையால் ஒரு சீலிங். அந்தப் பலகையின் முதுகில் அலுமினியத் தாள் ஒட்டிய நுரை விரிப்பு. அடுப்பங்கரைக்கு மேல் மட்டும் நுரை வேண்டாம், தீப்பிடிக்காத தகடு. தகரம் வியர்த்துச் சொட்டினாலும் அந்தத் தாளில் விழுந்து தாவாரத்துப் பக்கம் வழிந்துவிட, சீலிங்கைக் கொஞ்சம் சாய்த்துப் போட வேண்டும். தாவாரத்தில் இரண்டு பக்கமும் காற்றுப் போக இடைவெளி விட்டு, எலி புகாமல் கம்பி வலை அடிக்க வேண்டும். அடுப்புக்கு மேலே ஒரு தகரப் புகைபோக்கி. அடுப்பு எரியாதபோதும் அது உள்காற்றை இழுத்து வெளியே விடும். டைல்ஸுக்கு வைத்திருந்த காசை அப்பா மனதுக்குள் பிரித்துப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. “சீலிங்குக்கு வரும்” என்றார் கடைசியில்.

பழைய அஸ்பெஸ்டஸ் கூரையுள்ள லயங்களும் பக்கத்தில் உண்டு. அங்கே இதே வேலையைச் செய்கிறவர்கள் அந்த ஷீட்டை அறுக்கவோ துளைக்கவோ கூடாது. தூசி நெஞ்சுக்குள் போனால் திரும்பி வராது.

சுவர் வேலைக்குக் காலம் பார்க்க வேண்டும் என்றார் மேசன். எங்கள் பக்கத்து மழை, ஐப்பசியில் தொடங்கித் தை வரை. தீவின் மேற்குச் சரிவு தென்மேற்கு மழையில் நனையும் ஆனி, ஆடி, ஆவணியில் ஊவாவில் வரண்ட காற்று வீசும். அந்தக் காற்றுதான் கொழுந்தை வாட்டி, ஊவாத் தேயிலைக்கு உலகம் தேடி வாங்கும் வாசனையைக் கொடுக்கிறது. “அந்தக் காத்துல செவரையும் காய விடணும் தம்பி. வைகாசியில சீமெந்தெல்லாம் கொத்திப்புட்டு, அம்மணமா நிக்க விட்டுறணும். பொரட்டாசியில பூசலாம்.” இந்த யோசனையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. இங்கிலாந்து மேசன்மாரிடம் ஒரு பழங்கணக்கு உண்டு: சுவர் ஓர் அங்குலம் காய ஒரு மாதம். அப்படிப் பார்த்தால் இந்த இரண்டடிச் சுவருக்கு இரண்டு வருஷம். ஊவாக் காற்று அதைக் கொஞ்சம் சுருக்கித் தரும். முழுக்கக் காயாவிட்டாலும் சுண்ணாம்பு பொறுத்துக்கொள்ளும், மிச்ச ஈரத்தைத் தன் வழியே விட்டுவிடும்.

சுட்ட சுண்ணாம்புக் கல்லைக் குழியில் போட்டுத் தண்ணீர் ஊற்றி நீற்றி, பத்து நாளாவது ஊற விட வேண்டும் என்றார். அப்போது கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வைக்கே ஆபத்து, பிள்ளைகளை அண்ட விடக்கூடாது. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கூர் மணல். கல் இடுக்குகளை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி முதலில் அவற்றை நிரப்பி, பிறகு கை விரல் பருமனுக்குக் குறைவாக இரண்டு மூன்று தடவை பூச வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் நாள் விட வேண்டும். காற்று அடித்தால் ஈரச் சாக்கு கட்டி மறைக்க வேண்டும், அவசரமாகக் காய்ந்த சுண்ணாம்பு மாவாக உதிரும். சீமெந்துபோல மறுநாள் இறுகாது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல மெல்லக் கல்லாகும். மேலே வெள்ளை மட்டும், பெயின்ட் கூடாது.

ஆனால் இதெல்லாம் கானுக்குப் பிறகு. கான் வெட்டாமல் சுண்ணாம்பு பூசினால் ஓட்டைப் படகிலிருந்து தண்ணீர் இறைக்கும் கதைதான். வெட்டுவதிலும் இங்கே கவனம் வேண்டும். 2014 ஒக்டோபர் 29-ந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களை மண் மூடியது இதே மாவட்டத்தில். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் பதுளை மலைகளைக் கிழித்துப்போட்ட வடு இன்னும் சிவப்பாகவே தெரிகிறது. அதனால் சரிவின் அடியில் மம்பட்டி படக் கூடாது. சரிந்து வந்து சேர்ந்த மண்ணை மட்டும் அள்ள வேண்டும், நின்ற நிலத்தைத் தொடக் கூடாது. உள்தரைக்கு ஓரடி கீழே வரை ஆழம், ஆனால் அத்திவாரத்தின் அடிமட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். நூறடிக்கு ஓரடி சாய்மானம். அடியில் துளைக் குழாய், மேலே சரளைக் கல். சரிவில் புது வெடிப்போ, சாயத் தொடங்கிய மரமோ, திடீரென்று கலங்கிய ஊற்றோ தென்பட்டால் அது சுவர் ஈரத்தின் கதை அல்ல. வீட்டை விட்டு வெளியேறி, கிராம சேவகருக்கும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டிய கதை. நானும் டீச்சரும் சரிவின் மேல்விளிம்புவரை ஏறி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வெடிப்புத் தேடி நடந்து பார்த்தோம். கண்ணுக்கு எட்டியவரை இல்லை. ஆனாலும் வெட்டும் முன் அதிகாரிகளைக் கொண்டு பார்க்கச் செய்துவிடுங்கள் என்றேன். டீச்சர் அன்றே கடிதம் எழுதினார்.

அப்போதுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்டார். “செவரு யாருது தம்பி? எங்க பேருல ஒரு துண்டுக் கடதாசி இல்ல.” பதில் சொல்ல முடியவில்லை. தோட்டங்களை அரசு எடுத்தபோதும், 1992-ல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனபோதும், லயங்கள் தோட்டத்தோடு கைமாறின. குடியிருப்பவர் கைக்கு வரவில்லை. 7 பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்கள் உண்டு. அது வரும்வரை காத்திருக்கும் பிள்ளையின் நெஞ்சு காத்திருப்பதில்லை. உரிமை இல்லாத சுவரில் போடும் காசு திரும்பாது என்பது தெரிந்தேதான் இந்தக் குடும்பம் போடுகிறது. திருத்த வேலைக்குத் தோட்டத்திடம் எழுத்தில் அனுமதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், செலவுத் துண்டுகளைப் பத்திரப்படுத்துங்கள் என்பதற்கு மேல் என்னிடம் சொல்ல ஒன்றுமில்லை. கான் வாருவதும் கூரை பார்ப்பதும் நிர்வாகத்தின் கடமை என்று அனுமதி கேட்கும் கடிதத்தில் சேர்த்து எழுதவும் சொன்னேன்.

இன்னொரு சிக்கலை மேசன்தான் கண்டுபிடித்தார். லயத்துக்குப் பின்சுவர் ஒன்றுதான், எட்டுக் காம்பராவுக்கும் பொது. கடைசி இரண்டு காம்பராக்களுக்குப் பின்னால் மட்டும் கான் வெட்டினால், மற்ற ஆறின் பின்னால் தேங்கும் தண்ணீர் முழுக்க இங்கே வந்து சேரும். வெட்டினால் மேல்முனையிலிருந்து முழு நீளத்துக்கும் வெட்டி, கீழ்முனையில் பழைய மதகுக் கானில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அன்று மாலை டீச்சர் ஒவ்வொரு இஸ்தோப்பாக ஏறி இறங்கினார்.

மாசி கடைசி ஞாயிறு மறுபடி போனேன். அதிகாரிகள் வந்து இடம் பார்த்து, வெட்டலாம் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். காலை ஏழு மணிக்கே ஆறு வீட்டு ஆட்களும் மம்பட்டியோடு பின்பக்கம் இறங்கியிருந்தார்கள். மூன்றாவது காம்பரா பூட்டிக் கிடந்தது, அந்தக் குடும்பம் கொழும்பில் வேலைக்குப் போய் இரண்டு வருஷம். அதற்குப் பின்னால் யார் வெட்டுவது என்று கொஞ்சம் பேச்சு எழுந்தது. ரிஜிபோம் கழற்றிய அடுத்த வீட்டுக்காரர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அங்கே போய் நின்றார். பதினொரு மணிபோல மண்ணுக்கடியில் பழைய கல் பதித்த கானின் விளிம்பு தட்டுப்பட்டது. ஒரு கல்கூட அசையாமல் அப்படியே இருந்தது. மேசன் குனிந்து அதன் மண்ணைக் கையால் வழித்தார். மேல்பக்கத்தில் தேங்கியிருந்த தண்ணீர் அவர் விரல்களுக்கு நடுவே ஓடத் தொடங்கியது.